கதையில் வந்த ஆளைத் தேடி வந்தவள்

உங்களில் சிலர் இந்த மாதம் முதற்புத்தகத்தோடு வெளியே இறங்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோயில் வீதியிலோ பாடசாலைக் கண்காட்சியிலோ ஒரு மேசையைப் போட்டு, எழுதினதை நீங்களே விற்கப்போகிறீர்கள். எப்படி விற்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அட்டை தெரியும்படி அடுக்குவதும், மழை வந்தால் எதைப் போட்டு மூடுவதென்பதும் முதல் நாளிலேயே பிடிபட்டுவிடும். அதற்கு ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் நான் தேவையில்லை.

வேறொன்றைச் சொல்ல வேண்டும். கடையில் புத்தகம் வாங்குகிறவர் கடைக்காரரோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போய்விடுவார். நம்முடைய மேசைக்கு வருகிறவர் அப்படியல்ல. எழுதின ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். என்ன கேட்பார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. பதில் சொல்லாமல் எழும்பிப் போகவும் முடியாது. எனக்கு அப்படி நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் அரசாங்கக் கச்சேரியில், அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள். வீடு கல்லடியில். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிந்திய அந்தக் கெட்ட யுத்த வருடங்களில் என் சிறுகதைப் புத்தகம் வந்தது. நகரத்துக் கடைகளில் அது கீழ்த்தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் இருந்தவர்களோ நகரத்துக்கு வருவதற்கே பயந்தார்கள். நான் எழுதினது பெரும்பாலும் அவர்களைப் பற்றி. அவர்கள் வரமாட்டார்களென்றால் நான் போகவேண்டியதுதான் என்று, லீவு நாட்களில் வருடாந்தச் சடங்குத் திருவிழா நடக்கும் கோயில்களுக்குப் புத்தகப் பெட்டியோடு போகத் தொடங்கினேன்.

போவது லேசாக இருக்கவில்லை. பட்டிருப்புப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் பெட்டியைப் பிரித்துக் காட்டவேண்டும். ஒருமுறை அங்கு நின்ற சிப்பாய் ஒருவன் புத்தகமொன்றைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். உள்ளிருந்து ஒன்றும் விழவில்லை. “என்ன இது?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். “கதை” என்றேன். “பொய்யா?” என்றான். “ஓம், பொய்” என்றேன். சிரித்துக்கொண்டு போகச் சொன்னான். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் பாலத்தடியில் எவரும் சிரிப்பதைக் காண்பது அருமை.

அந்தப் புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. வெள்ளாமை செய்கிற ஒருவன் வயல்வட்டையிலிருந்து வீடு திரும்பும் வழியில் பிடிபட்டு, தூரத்து முகாமொன்றில் அடைபட்டுக் கிடக்கிறான். மதிலோரம் குந்தியிருந்து இடக்கையால் தும்புக் கயிறு திரித்தபடி, நெற்கதிரைச் சூடு மிதிக்கும்போது பாடும் பொலிப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பான். ஒருநாள் யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறான். கதை அவ்வளவுதான். வாசித்தவர்கள் நல்ல முடிவு என்றார்கள்.

ஆரையம்பதியில் அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்கு. வீதியோரமாக மேசை போட்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் கச்சான் கடலை விற்கும் அக்கா ஒருவர். சடங்கு சடங்காகப் போகிறவர் என்பதால் நாங்கள் பழகியிருந்தோம். பின்னேர வெயில் தணிகிற நேரம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். கையில் என் புத்தகம். மூலைகள் மடங்கி, அட்டை பிய்ந்து, பலமுறை வாசித்த புத்தகம்.

“இத எழுதினது நீங்களா அக்கா?”

“ஓம். நான்தான்.”

“எங்கட ஊர்ச் சடங்கில வித்ததும் நீங்கதானே? பழுகாமத்தில?”

“ஓம். அங்கயிருந்தா வாறீங்க?”

வாவிக்கு அக்கரையிலிருந்து, அவ்வளவு தூரம், அத்தனை சோதனையும் தாண்டி, ஒரு வாசகி தேடி வந்திருக்கிறாள். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று நீங்கள் ஊகிக்கலாம். இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை. மடித்து வைத்திருந்த பக்கத்தில் புத்தகத்தை விரித்து அந்தக் கதையில் விரலை வைத்தாள்.

“இந்த ஆள எங்க கண்டீங்க?”

எனக்கு விளங்கவில்லை.

“இது என்ட புருசன் அக்கா. எனக்கு வாசிக்கத் தெரியா. மகள்தான் வாசிச்சுக் காட்டினவள். இடக்கைதான் அவருக்கு. இந்தப் பொலிப்பாட்டுத்தான் எந்த நேரமும் வாயில. பசளை வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போனவரு. பிடிச்சு ஏத்தினதக் கண்ட ஆக்கள் இரிக்காங்க. அதுக்கு மறுகா எந்தக் கதையும் இல்ல. நீங்க கண்டிருக்கீங்க. எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்க.”

அவள் பேர் நேசம்மா. கணவன் சாமித்தம்பி. இரண்டு வருடமாக ஆளில்லை.

“நேசம்மா, அது நான் யோசிச்சு எழுதின கதை. அப்படி ஒருத்தர நான் காணல்ல” என்றேன்.

அவள் வீதியை இரு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பயப்படுறீங்க. எனக்கு விளங்குது அக்கா. ஆக்கள் இல்லாத இடத்துக்கு வாங்க. என்ட காதோட சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றாள்.

நான் மறுக்க மறுக்க, நான் மறைக்கிறேன் என்றே அவள் நினைத்தாள். அவளை எப்படியாவது நம்பவைக்க வேண்டுமென்று, அந்த ஆளை எப்படி உண்டாக்கினேன் என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினேன். இடக்கை என் சின்னமாமாவுடையது. தும்பு திரிப்பது கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டில் பார்த்தது.

“சரி. பாட்டு?”

“அது ஒருக்கா கொழும்புக்குப் போகக்குள்ள பஸ்ஸில கேட்டது. எனக்குப் பின்னால இருந்த ஆரோ முணுமுணுத்தாரு.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பொலன்னறுவை வழியாலயா போனது?”

“ஓம்.”

“எந்த இடத்தில ஏறினாரு?”

“தெரியா.”

“முகத்தப் பாத்தீங்களா?”

“இல்ல. நான் பின்னால கிறுகிப் பாக்கல்ல.”

“ஏன் அக்கா பாக்கல்ல?”

அந்தக் கேள்வியை அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதிசயப்பட்டுக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டை முணுமுணுக்காத ஆண்பிள்ளை யார்? அதைச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பொலன்னறுவை, பொலன்னறுவை என்று இரண்டு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி சனத்துக்குள் போய்விட்டாள். அவள் முகத்தில் வரும்போது இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது.

இதை ஏன் விபரமாகச் சொல்கிறேன் என்றால், மேசையடியில் உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். இது உண்மையா, இது இன்ன ஆளா என்று. நம் எழுத்தை எப்படிக் கட்டினோம் என்று விளக்கிச் சொல்வதில் நமக்கொரு விருப்பம் உண்டு. ஆளைத் தேடி வந்தவரிடம் அதைச் செய்யாதீர்கள். நாம் துண்டு துண்டாகக் கொடுக்கிற ஒவ்வொரு உண்மையிலும் அவர்கள் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்த முறை பழுகாமத்துக்கே போனேன். திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்பு. போகாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். போகாமல் இருந்தால் நான் எதையோ மறைக்கிறேன் என்ற அவளுடைய எண்ணம் உறுதியாகிவிடும் என்று தோன்றியது. மேசையை விரித்துக் கொஞ்ச நேரம்தான், ஒருவர் வந்து நின்றார். வயல் செய்யும் கமக்காரர். தோளில் துவாய். புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“நான் நேசம்மாட அண்ணன்” என்றார்.

இருக்கச் சொன்னேன். நின்றபடியே கதைத்தார்.

“அவள் வராம இந்த வருசம் பாதி வட்டை விதைக்காமக் கிடக்கு. அவன்ட படத்தக் கையில எடுத்துக்கொண்டு பொலன்னறுவை முகாமுக்குப் போறாள். அங்கயிருந்து அடுத்த முகாமுக்குப் போகச் சொல்றாங்க, அங்கயும் போறாள். ஒரு பொம்புள தனிய. புள்ள எங்கட வீட்டில கிடந்து அழுகுது. ஊராக்களெல்லாம் பேசி, ஆள் இல்லையெண்டு அவனுக்குரிய கிரியைகளச் செஞ்சு முடிப்பம் எண்டு நாளும் குறிச்சிருந்தம். அவளும் ஓமெண்டவள். அந்த நேரத்திலதான் புள்ள உங்கட கதைய வாசிச்சுக் காட்டினது.”

துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“நீங்களே அவளிட்டச் சொல்லணும். ஆள் செத்திட்டான் எண்டு.”

“எனக்கு அது தெரியாதே அண்ணன்.”

“உயிரோட இருக்கான் எண்டு மட்டும் எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?”

இத்தனை வருடத்தில் எத்தனையோ கூட்டங்களில் என் கதைகளைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதைப்போல் ஒன்றை எவரும் கேட்டதில்லை.

அவர் போய்த் தங்கச்சியைக் கூட்டிவந்தார். நேசம்மா மெலிந்து கறுத்திருந்தாள். என்னைக் கண்டதும் விரைந்து வந்து கையைப் பிடித்தாள். ஏதாவது புதிதாகத் தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கோயிலில் பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. மேசைக்கு முன்னால் புத்தகம் பார்த்துக்கொண்டு நின்ற நாலைந்து பேர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

இந்த முறை நான் எதையும் பிரித்துச் சொல்லவில்லை.

“நேசம்மா, நான் அவரக் காணல்ல. அந்த ஆள் இந்த உலகத்திலயே இல்ல. நான் உண்டாக்கின ஆள்.”

அவள் கையை விடவில்லை.

“பேர் சொல்லிக் கூப்பிடக்குள்ள சிரிக்கிறாரே. அது?”

“அதும் நான் உண்டாக்கினதுதான்.”

“எல்லாமா?”

“எல்லாமும்தான்.”

அவள் என் கையை விட்டாள். அண்ணனைப் பார்த்தாள், மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அப்ப நீங்களே அவரச் சாகடிச்சுத் தாங்க அக்கா. எனக்கு ஏலாது. இவங்க சொன்னா நான் நம்பமாட்டன். நீங்க எழுதினா மகள் வாசிப்பாள். நான் நம்புவன்.”

அவளுடைய அண்ணனும் என்னைப் பார்த்தார். “ஓம். அப்படியாவது எழுதிக் குடுங்க” என்றார். அவர் கெட்டவரல்ல. தங்கச்சி உயிரோடு இருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தவர்.

அந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபம். ஒரு பின்னேரத்தில் எழுதிவிடுவேன். வாசித்தால் எவரும் அழும்படி எழுதவும் என்னால் முடியும். அவளும் அழுவாள். அண்ணன் காரியங்களைச் செய்வார். வட்டை விதைபடும். பிள்ளைக்குத் தாய் கிடைப்பாள். எல்லாருக்கும் நல்லது. ஆனால் சாமித்தம்பி என்கிற மனிதன் உயிரோடு ஏதோவொரு மூலையில் இருந்தால்? இல்லாவிட்டாலும், அவன் எப்படிச் செத்தான் என்று தீர்மானிக்க நான் யார்? பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, அவர்கள் வாயே திறக்காதபோது, அவர்களுக்காக நான் இட்டுக்கட்டிச் சொல்வதா?

“எழுதமாட்டன் நேசம்மா” என்றேன். “எனக்கு அவரத் தெரியா. தெரியாத ஆள நான் சாகடிக்கமாட்டன்.”

“தெரியாம எப்படி உயிரோட வச்சீங்க?” என்றாள் அவளும். அண்ணன் கேட்ட அதே கேள்வி.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “அவர் எப்படிப்பட்ட ஆள்? சொல்லுங்க” என்று கேட்டுவிட்டேன். நேரத்தைக் கடத்துவதற்காகக் கேட்டதுதான் அது. அதில் பெரிய யோசனை எதுவும் இருக்கவில்லை.

புத்தகப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, மேசைக்குப் பின்னால் அவளை என் பக்கத்தில் இருத்தினேன். முதலில் இடக்கையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும்தான் சொன்னாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆள் வரத் தொடங்கினான். வாவிக்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன். தோணியில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்பவன். மாடு வேலிக்குள் புகுந்துவிட்டதென்று அயலவனோடு சண்டைபிடித்து அடுத்த சூடடிப்புவரை பேசாமல் இருந்தவன். சோற்றில் உப்புக் குறைந்தால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிறவன். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஒரு சொல்லும் பேசாமல், பீடி பீடியாக இழுத்தவன்.

அண்ணனும் ஒன்றிரண்டு சொன்னார். ஒரு இடத்தில் இருவருமே சிரித்துவிட்டார்கள். வந்தவர்கள் என்னிடம் புத்தகத்தின் விலையைக் கேட்டார்கள். நான் கவனிக்கவில்லை. பக்கத்துக் கச்சான் அக்கா எழும்பி வந்து, தன் கச்சானையும் என் புத்தகத்தையும் ஒரே குரலில் கூவி விற்றுக்கொண்டு நின்றார்.

பேசிக்கொண்டே வந்த நேசம்மா ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினாள்.

“உங்கட ஆள் நல்லவரு அக்கா. பேரச் சொல்லிக் கூப்பிட்டவுடன சிரிக்கிறாரு” என்றாள். “என்ட ஆளக் கூப்பிட்டா, ‘என்னத்துக்கு இப்ப கூப்புடுறா’ எண்டு ஏசிக்கொண்டுதான் கிறுகுவாரு. சிரிக்கிற ஆளே இல்ல.”

மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இது அவரில்ல.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமாக அல்ல. பெட்டியின் மேல் குனிந்திருந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. தீக்குழியில் இறங்குகிறவர்களின் கூக்குரலும் பறையும் சேர்ந்து அவளுடைய அழுகையை மூடிவிட்டன. அண்ணன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று நினைக்காதீர்கள். அவளிடம் இருந்ததே அந்த ஒரு பொய்தான். அதை அவளுக்குக் கொடுக்கிறேன் என்றுகூட அறியாமல் கொடுத்தவள் நான். அறிந்துகொண்டு பறித்தவளும் நான். பக்கத்தில் இருந்தவளுடைய கை வெறுமையானதைப் பார்த்தேன். அதில் வைப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நான் எடுத்த முடிவு சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியான முடிவென்றால் அதற்குப் பிறகு மனம் ஆறும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம்.

அதன்பிறகு அவள் பொலன்னறுவைப் பக்கம் போகவில்லை என்று கச்சான் அக்கா மூலம் கேள்விப்பட்டேன். அண்ணனோடு சேர்ந்து வட்டைக்குப் போகத் தொடங்கினாளாம். ஆனால் ஊரார் நாள் குறித்த அந்தக் காரியத்துக்கும் அவள் இணங்கவில்லை. இரண்டுக்கும் இடையில் இருந்தாள். பிறகு சண்டை கடுமையானது. பாலத்தடியில் புத்தகம் கொண்டுபோக விடவில்லை. சடங்குகளும் சுருங்கிப்போயின. படுவான்கரைப் பக்கம் நான் போகாமலே பல வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வருடங்களில் நான் எழுதிய கதைகளில் எந்த மனிதனையும் சிரிக்கவைக்கும் முன் இரண்டு தரம் யோசித்தேன்.

சமாதான காலம் வந்தபோது பாதை திறந்தது. புதிய புத்தகத்தோடு மறுபடியும் பழுகாமத்துக்குப் போனேன். வீதி நிறையச் சனம். நெடுங்காலத்துக்குப் பிறகு பயமில்லாமல் வந்த சனம். மத்தியான நேரம் ஒரு பெண் வந்து மேசைக்கு முன்னால் நின்று, “என்னத் தெரியுதா அக்கா?” என்றாள்.

முன்தலை முழுக்க நரைத்திருந்தது. குரலைக் கேட்டுத்தான் அறிந்துகொண்டேன். எழும்பிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவளே சொன்னாள்.

“மகளுக்குப் போன மாசம் கலியாணம் முடிஞ்சிது.”

“நல்ல சந்தோசம் நேசம்மா.”

“கலியாணக் காட் அடிக்கக் குடுத்த இடத்தில கேட்டாங்க. தகப்பன்ட பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதா, விடுறதா எண்டு. அண்ணன் என்ட முகத்தப் பாத்தாரு. அச்சடிக்கிற பொடியனும் என்ட முகத்தப் பாத்துக்கொண்டு நிண்டான்.”

“என்ன சொன்னீங்க?”

“போடுங்க எண்டன்.”

சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பினாள். “ஒருத்தரும் வந்து எனக்குச் சொல்லல்ல அக்கா. இண்டைக்குவரைக்கும் ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான் சொன்னன்” என்றாள்.

அவளுக்கு ஆறுதலாக ஒரு சொல் எனக்கு வரவில்லை. வாழ்நாளெல்லாம் சொற்களோடு இருந்த எனக்கு வரவில்லை. இளையவர்களே, வராவிட்டால் பேசாமல் இருங்கள். வாயில் வந்ததைச் சொல்லி அந்த இடத்தை நிரப்பாதீர்கள். பேசாமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தகம் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டேன்.

கடைசியில் அவள் கையை விடுவித்துக்கொண்டு, மேசையிலிருந்த புதிய புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இதில ஆராவது திரும்பி வாறாங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல நேசம்மா. ஒருத்தரும் வரல்ல.”

“அப்ப ஒண்டு தாங்க” என்றாள்.